சின்னவள் வீட்டு ஓவன்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தான். கடை வாசலில் நின்று நாள் முழுக்க அவன் "அண்ணி, அண்ணி" என்று போட்ட சத்தத்தைக் கேட்டு, ரொட்டி வாங்க வந்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்று அவளைவிட மூத்த தபால்காரர்கூட அண்ணி என்கிறார். மாமனார் கடைக்கு வைத்த பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அண்ணி கடை என்று சொன்னால்தான் டாக்சிக்காரர்களுக்கு வழி தெரியும்.

ஐம்பதைத் தாண்டியவள். குட்டையான, திண்ணென்ற உடம்பு. இரண்டு முன்கைகளிலும் அடுப்பு வாய் சுட்ட தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஏறிப்போகும். அவற்றை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, ஒரே ஒரு ஆளிடம் தவிர. அந்த ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அந்த ஆள் சின்னவள், கொழுந்தனின் மனைவி. எரிவாயுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணிப்புப் பிரிவில் வேலை. அந்த வட்டாரத்துக்கு கேஸ் இரண்டு வழியாக வந்தது. பாதி எல்லைக்கு அப்பாலிருந்து நீளும் ஒற்றைக் குழாயில். மீதி குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில். செலவானது போக மிச்சம் ஊருக்கு வெளியே கிடங்கில் நிற்கும். குழாயில் எவ்வளவு வரும், கப்பல் எப்போது வரும், கிடங்கில் என்ன இருப்பு, குளிர் எவ்வளவு கூடும் என்று பார்த்து, அடுத்த சில வாரங்களில் கேஸ் தாராளமாகக் கிடைக்குமா, விலை ஏறுமா இறங்குமா என்று சொல்வதுதான் சின்னவளின் உத்தியோகம். வாரத்தின் முதல் நாள் காலையில் உள்ளூர் வானொலியிலும் அவளே பேசினாள்.

அடுப்பறையில் அந்தக் குரல் வந்ததும் அண்ணியின் கணவர் மாவுக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். இத்தனை வருஷத்தில் தன் பேச்சைக் கேட்பதற்காக அவர் ஒரு நாளும் கை துடைத்ததில்லை என்பதை அண்ணி கவனித்து வைத்திருந்தாள்.

பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். தனக்கு இருப்பது நியாயமான சந்தேகம் என்பதுதான் அவள் கட்சி. "ஒருவேளை ஏறும், ஒருவேளை இறங்கும். இதைச் சொல்றதுக்கு ஒரு சம்பளம், ஒரு நாற்காலி, ஒரு ஏசி ரூம். ஒருவேளை வெந்திருக்கும், ஒருவேளை வேகலன்னு சொல்லி நான் ரொட்டி விக்கட்டும் பார்ப்போம்," என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "ஆமா, அடுத்த மாசம் கேஸ் விலை எப்படியாம்? சின்னவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்பார்கள். அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் இருப்பது அண்ணியோடு, கடைக்கு மேல் மாடியில். குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் அண்ணி. ஆனால் பத்திரிகையில் வந்த சின்னவளின் படத்தை வெட்டி மாமியார் தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துத் தர ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் அண்ணியைப் பார்த்து சின்னவள் சிரித்தாள்.

அப்புறம் அந்த ஓவன். போன வருஷம் சின்னவள் புது வீட்டுக்குக் குடிபோனபோது எல்லோரையும் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சுவரோடு சுவராகப் பதித்த, இரண்டு அடுக்கு, கண்ணாடிக் கதவு போட்ட கேஸ் ஓவன். கைப்பிடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரிக்கவில்லை. "இதெல்லாம் எனக்கு எதுக்குன்னே தெரியல அக்கா, வீட்டோட சேர்ந்து வந்தது," என்றாள். வீட்டோடு சேர்ந்து வந்தது! மாமனார் காலத்து அடுப்பின் இடது மூலை சரியாகச் சூடேறாததால் நாளெல்லாம் தட்டுகளை இடம் மாற்றி மாற்றி வைப்பவளிடம் சொல்கிற பேச்சா அது? அன்றைக்குத் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அண்ணிக்கென்று தனியாக இருந்தது ஆஸ்பத்திரி ஆர்டர் ஒன்றுதான். கூடையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தின் பின்வாசலுக்குத் தானே நடந்து, தானே பேசி வாங்கியது. அங்கே மேற்பார்வையாளர் ரொட்டி தின்னக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மேல்தோலின் நிறத்தைப் பார்த்து, கட்டை விரலால் அழுத்தியே தீர்ப்புச் சொல்வார். ஒரு வேளை தவறினால் ஆர்டர் பாலத்தடி ரொட்டி ஃபாக்டரிக்குப் போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அண்ணி தவறவிட்டதில்லை. ஆர்டர் கிடைத்த செய்தியை மாமியாரிடம் சொன்னபோது அவர் "நல்லது" என்றார். சின்னவள் படம் பத்திரிகையில் வந்தது அதே வாரம்.

குளிர்காலத்துக்கு முன்னால் எரிவாயுக் கம்பெனியிலிருந்து கடைகளுக்குப் போன் வரும். இரண்டு விதமான இணைப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறுதி இணைப்பு என்றால் விலை கூடுதல், எது வந்தாலும் கேஸ் நிற்காது. இன்னொன்று விட்டுக்கொடுக்கும் இணைப்பு. விலை மலிவு, ஆனால் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்துவது அவர்களுக்குத்தான். வீடுகளுக்கு எப்போதும் நிறுத்துவதில்லை.

அந்த வருஷம் சின்னவள் வானொலியில் தெளிவாகவே சொன்னாள். கிடங்கில் இருப்பு வழக்கத்தைவிடக் குறைவு, குழாயில் பராமரிப்பு வேலை இழுத்துக்கொண்டே போகிறது, எல்லாம் கப்பலை நம்பி இருக்கிறது. குளிர் முந்திக்கொண்டால் சில வாரங்களுக்கு இறுக்கம் வரும், விலையும் ஏறும் என்றாள். அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி நேராகவே கேட்டாள். சின்னவள் அதையே திருப்பிச் சொல்லி, "உறுதியே எடுத்துக்குங்க அக்கா," என்றாள்.

"வேற ஏதும் உள்விஷயம் இல்லையா?"

"ஊருக்குச் சொல்றதைத்தான் உங்களுக்கும் சொல்லணும். அதுதான் எங்க ஆபீஸ் சட்டம்."

அண்ணிக்கு அது சுருக்கென்றது. சொந்த ஓரகத்தி, ஊரோடு ஊராக நிற்க வேண்டுமா?

இந்த எரிச்சல் ஆறுவதற்குள் சலவைக்கடைக்காரன் வந்தான். இரண்டு கடை தள்ளி நீராவிச் சலவை நிலையம் வைத்திருப்பவன், சின்னவளின் கூடப்பிறந்த அண்ணன். காலையில் பன் வாங்க வரும்போது பேச்சுவாக்கில், தான் விட்டுக்கொடுக்கும் இணைப்பே போட்டுவிட்டதாகச் சொன்னான். "எதுக்கு அண்ணி வீணா அதிகம் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பன்னைக் கடித்துக்கொண்டே போனான்.

அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் ஆளுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மலிவானது அண்ணனுக்கு, பயமுறுத்தல் அக்காவுக்கு. கம்பெனி ஆள் போன் செய்தபோது, "விட்டுக்கொடுக்கிறதையே போடுங்க தம்பி. இந்தக் குடும்பத்துல நான் விட்டுக்கொடுக்காததா?" என்றாள். அந்த ஆள் சிரிக்கவில்லை.

சின்னவளிடம் கேட்டாயா என்று அன்று மதியம் கணவர் விசாரித்தார். கேட்டேன் என்றாள். அது உண்மை. அவள் சொன்னதையே போட்டிருக்கிறேன் என்றாள். அது பொய். அவர் தலையாட்டிவிட்டு மாவு பிசையப் போனார்.

குளிர் முந்திக்கொண்டது. துறைமுகத்துக்கு வெளியே அலை கொந்தளித்து, கப்பல் உள்ளே வர முடியாமல் நின்றது. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போட்டார்கள். ஒரு நாள் நண்பகலில், ஆஸ்பத்திரி ரொட்டிக்கான மாவு தொட்டிகளில் பொங்கி, ஈரத்துணியை மேலே தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: விட்டுக்கொடுக்கும் இணைப்புகளுக்கு இன்று மதியத்திலிருந்து கேஸ் கிடையாது, மறு அறிவிப்பு வரும் வரை.

அடுப்பின் நீல நாக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அணைந்தன. மாடிக்கும் கடைக்கும் ஒரே இணைப்பு என்பதால் மாமியாரின் தேநீரும் பாதிக் கொதியில் நின்றது. அவருக்கு ஊரின் எரிவாயு நெருக்கடி அப்படித்தான் தெரியவந்தது.

அண்ணி பின்வாசலுக்குப் போனாள். இரண்டு கடை தள்ளி, சலவை நிலையத்தின் கொல்லையில் இருந்த பழைய புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கிவிட்டு, எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான் சலவைக்கடைக்காரன். கேஸ் நின்றால் அவனுக்கு அது இருந்தது. அதனால்தான் மலிவானதைப் போட்டிருந்தான். அவனுக்கு யாரும் எந்த உள்விஷயமும் சொல்லவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே கணவர் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர், அன்றைக்குப் பேசினார். சொந்தக்காரி பேச்சை நம்பியதற்கு நல்ல பலன் என்றார். வானொலியில் ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து ஒன்று சொல்லுகிறவளை என்னவென்று சொல்வது என்றார். மாடியில் மாமியார் போனில் சின்னவளைப் பிடித்துவிட்டார். படித்த திமிர், கூடப்பிறந்தவன் கடை ஓடுகிறது, இங்கே வயசானவளுக்கு ஒரு வாய்த் தேநீர் இல்லை என்றெல்லாம் கீழே வரை கேட்டது.

இதைக் கேட்பதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்! அந்த வீட்டில் சின்னவளை ஒருவர் குறை சொல்லி அண்ணி முதல் தடவையாகக் கேட்கிறாள். மாவு வீணாகிக்கொண்டிருக்கிறது என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அப்படியே நிற்கலாம், ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும் என்று தோன்றியது.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மேற்பார்வையாளர், ஊரில் கேஸ் நின்றிருக்கிறதாமே, ரொட்டி வருமா வராதா, பாலத்தடி ஃபாக்டரிக்காரன் இப்போதே லைனில் இருக்கிறான் என்றார். வரும் என்றாள் அண்ணி. எப்படி வரும் என்று வாய்க்குத் தெரியாது. போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. வீடுகளுக்கு கேஸ் நிற்பதில்லை. அவளுக்குத் தெரிந்த வீடுகளில், ஒரு தடவைக்கு இத்தனை தட்டு உள்ளே போகிற ஓவன் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது.

"வேனை எடுங்க. மாவை ஏத்தணும். சின்னவ வீட்டுக்குப் போறோம்."

"அவ வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்," என்றார் கணவர். "செஞ்சது போதாதா?"

அண்ணி தொட்டியின் துணியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

"அவ உறுதி இணைப்புதான் எடுக்கச் சொன்னா."

"அப்ப மாத்திப் போட்டது யாரு?"

"நான்தான். அவ அண்ணன் மலிவுல போட்டிருந்தான். நமக்கு ஒண்ணு, அவ ஆளுக்கு ஒண்ணுன்னு அவ சொல்றதா நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க அவகிட்டப் போய்க் கேட்டிருப்பீங்க."

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டார். தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியாரிடம், மறுபடியும் சின்னவளைக் கூப்பிட்டு, திட்டியது தப்பு என்று சொல்லிவிடச் சொன்னாள் அண்ணி. "திட்டினது திட்டினதுதான்," என்றார் மாமியார். "தேத்தண்ணி இல்லாம நான் வேற என்ன செய்யறது?"

வேனிலிருந்து சின்னவளுக்கு அண்ணியே போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல், பல போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. திட்டிவிட்டு இப்போது ஓவனும் வேண்டுமா என்று கேட்பாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று அண்ணி தயாராக இருந்தாள். சின்னவள் கேட்டது, "எந்த ஓவன்? எங்க வீட்டு ஓவனா? அது எரியுமான்னே எனக்குத் தெரியாதே அக்கா," என்பதுதான். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மாவுத் தொட்டியையும் அண்ணியின் ஏப்ரனையும் ஏற இறங்கப் பார்த்தார். "சமையலுக்குப் புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு ஆமாம் என்றாள். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

சமையலறை ஒருவரும் வாழாத அறை மாதிரி இருந்தது. கழுவாத தேநீர்க் கோப்பைகள், மேசைமேல் கம்பெனி காகிதங்கள், பாலத்தடி ஃபாக்டரியின் ரொட்டிப் பாக்கெட் ஒன்று. அண்ணி அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். பாதி தீர்ந்திருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தாள், பெயர் போட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி. ஓவனுக்குள்ளே அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற புத்தகம் பிரிக்காமல் கிடந்தது. கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையை அவளே உரித்தாள். விட்டால் உருகும். ஓவன் ஒரே தடவையில் பற்றிக்கொண்டது.

மாவு அதற்குள் மீறிப் பொங்கியிருந்தது. அடித்து இறக்கி, மறுபடி உருட்டி, தட்டில் வைத்தார்கள். முதல் தட்டு உள்ளே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் ரொட்டிகள் ஒன்றுபோல எழும்பி, ஒன்றுபோல நிறம் ஏறின. இடது மூலை, வலது மூலை, பின்பக்கம், எங்கும் ஒரே பொன். தட்டை ஒரு தடவைகூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளில் அவள் சுட்டதில் அதுதான் அழகான ரொட்டி. இப்படியொரு ஓவன், போயும் போயும் இவள் வீட்டில்.

"நல்லா வந்திருக்கு," என்றார் கணவர்.

"வாயை மூடிக்கிட்டு அடுத்த தட்டை எடுங்க."

கடைசிக்கு முந்தின தட்டு வேகும்போது சின்னவள் வந்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அண்ணி அவள் எதிரில் தன் ஸ்வெட்டர் கையை இழுத்துவிடவில்லை. இரண்டு கையிலும் மாவு. சூட்டோடு ஒரு ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். சின்னவள் வாங்கித் தின்றாள். மதியம் சாப்பிடவில்லை போலிருக்கிறது.

"அத்தை போன்ல..."

"கேட்டேன்," என்றாள் அண்ணி. "நீ உறுதி எடுக்கச் சொன்னே, நான் கேக்கல. அவங்ககிட்டச் சொல்லிட்டேன். இவர்கிட்டயும்."

ஏன் கேட்கவில்லை என்று சின்னவள் கேட்டாள். அண்ணி அவளுடைய அண்ணன் கதையைச் சொன்னாள். சின்னவள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே போயிற்று. "அவன் நான் பேசற ரேடியோவைக் கேட்டதே கிடையாது அக்கா. நான் பேச ஆரம்பிச்சா பாட்டு ஸ்டேஷனுக்கு மாத்திடுவான்." அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஓவனைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் கை குலுக்கினாங்க," என்றாள் சின்னவள் கொஞ்ச நேரம் கழித்து. "கணிப்பு அப்படியே பலிச்சிடுச்சாம். போனை எடுத்தா ஒவ்வொரு கடைக்காரனும் என்னைச் சபிக்கிறான்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. அண்ணிக்கு வரவில்லை. கை குலுக்கினார்கள் என்பதிலேயே மனசு நின்றுவிட்டது. தன் கையை யார் குலுக்கினார்கள்? "எத்தனை நாள் இப்படி?" என்று கேட்டாள்.

"அலை அடங்கினா கப்பல் உள்ள வரும். இந்த வாரக் கடைசியில ஒருவேளை."

"ஒருவேளை."

"அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும் அக்கா."

முதன்முறையாக அந்த வார்த்தை அண்ணிக்குக் கோபத்தைக் கொண்டுவரவில்லை. அதில் இன்னும் எத்தனை தட்டு மாவு அடங்கியிருக்கிறது என்று யோசித்தாள். பாலத்தடிப் பாக்கெட் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதை சின்னவள் அப்போதுதான் கவனித்தாள். எழுந்துபோய் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஆஸ்பத்திரி ரொட்டி அன்று தாமதமாகப் போனது, ஆனால் போனது. கப்பல் உள்ளே வந்து கடைகளுக்கு கேஸ் திரும்பும் வரை தினமும் மதியம் வேன் சின்னவள் வீட்டுக்குப் போயிற்று. கரண்டி எந்த இழுப்பறையில், எந்த ஜன்னலைத் திறந்தால் புழுக்கம் போகும் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரியைவிட அண்ணிக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் ஒருநாள் பாட்டு டீச்சர் அவளை நிறுத்தி, படிக்கட்டு முழுக்க வாசனை, இத்தனை வேலைக்கு நடுவில் உங்க எஜமானியம்மா எவ்வளவு நன்றாக ரொட்டி சுடுகிறார் என்றார். "ஆமா, கைராசிக்காரி," என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமியாரும் ஒரு துண்டு தின்றுவிட்டு, சின்னவள் வீட்டு அடுப்பு நல்ல அடுப்பு என்றார். பத்திரிகைப் படம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கேஸ் வந்தது. அண்ணி கம்பெனிக்குத் தானே போன் செய்து, அடுத்த பருவத்துக்கு உறுதி இணைப்பு என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். சின்னவள் வீட்டு ஓவனை உள்ளும் புறமும் துடைத்துக் கொடுத்துவிட்டு, தன் அடுப்பை ஏற்றினாள். இடது மூலை வழக்கம்போல வெளிறியது. தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் போன் செய்தார். அந்த நெருக்கடியிலும் ஒரு வேளைகூடத் தவறவில்லை, ஆர்டர் இனி உங்களுக்குத்தான், ஃபாக்டரிக்காரனிடம் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு, நடுவில் சில நாள் வந்த ரொட்டி எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறமாக இருந்ததே, இன்றைக்கு ஒரு ஓரம் வெளுத்திருக்கிறது, மறுபடியும் அந்த மாதிரியே அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

பார்க்கிறேன் என்று அண்ணி போனை வைத்தாள்.

"யாரு, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார் கணவர். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். "என்ன சொன்னார்?"

துடைத்த கையை அண்ணி ஒரு கணம் பார்த்தாள்.

"ஆர்டர் நமக்குத்தானாம்," என்றாள்.

மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.